கைமாறும் நியூட்ரான் – கடிதம்

அன்புள்ள ஐயா,

லித்தியம்-11 என்ற அணுக்கரு பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். இரண்டு நியூட்ரான்கள் உள்கருவை விட்டு வெகுதூரம் தள்ளி உலவுகின்றன என்று எழுதியிருந்தீர்கள். அதன் அரை ஆயுளே 8.75 மில்லி விநாடி. அதற்குள் யார் எதைப் பார்க்க முடியும்? மோதவிட்டு, சிதறியதை வைத்துச் சொல்வது ஊகம்தானே?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

8.75 மில்லி விநாடி நமக்குத்தான் குறைவு. ஒரு விநாடியை லட்சம் கோடித் துண்டாக்கி, அதில் ஒரு துண்டை மறுபடி நூறு கோடியாகப் பிரியுங்கள். இரண்டு அணுக்கருக்கள் உரசிக் கடக்க அதைவிடவும் குறைந்த நேரம் போதும். உண்மையான சிரமம், லித்தியம்-11ஐச் சேர்த்துவைத்து இலக்காக நிறுத்த முடியாது என்பதுதான். அதனால் அரிய கருவைக் கற்றையாகப் பறக்கவிட்டு, ஹைட்ரஜனையோ, கருவில் ஒரு நியூட்ரான் கூடிய ஹைட்ரஜனான டியூட்டீரியத்தையோ இலக்காக வைக்கிறார்கள்.

அப்புறம், இது எல்லாவற்றையும் நொறுக்கும் மோதல் இல்லை. உரசும்போது ஒன்றோ இரண்டோ நியூட்ரான் ஒரு கருவிலிருந்து மற்றதற்குப் போகிறது, அவ்வளவுதான். பரிமாற்ற வினை என்பார்கள். கைமாற்று என்று சொல்லத்தான் எனக்குப் பிடிக்கும்.

பெரிலியம்-11ஐ எடுத்துக்கொள்வோம். 4 புரோட்டான், 7 நியூட்ரான். ஏழாவது நியூட்ரான் வழக்கமான வரிசைப்படி பி நிலையில் (கோண உந்தம் ஒன்று) இருக்க வேண்டும். ஆனால் அதற்கு மேலே இருக்க வேண்டிய எஸ் நிலையில் (கோண உந்தம் பூஜ்யம்) இருக்கிறது. சாதாரணக் கருக்களில் ஒரு நியூட்ரானைப் பிடுங்க 8 மெகா எலக்ட்ரான் வோல்ட் அளவுக்கு ஆற்றல் வேண்டும், இங்கே அரை மெகா எலக்ட்ரான் வோல்ட் போதும்.

இதை எப்படிக் காண்கிறார்கள்? ஓர் உதாரணம். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் பெரிலியம்-10 கற்றையை டியூட்டீரியம் கலந்த மெல்லிய பிளாஸ்டிக் தாளில் செலுத்தினார்கள். டியூட்டீரியத்தின் கருவான டியூட்ரான் தன் நியூட்ரானைக் கொடுத்துவிடுகிறது, புரோட்டான் தனியாகத் திரும்பி வருகிறது. அந்தப் புரோட்டான்தான் சாட்சி. அதன் ஆற்றல், நியூட்ரான் எந்த மட்டத்தில் சேர்ந்தது என்று சொல்லும். அது வரும் கோணம், நியூட்ரான் எவ்வளவு கோண உந்தத்தோடு சேர்ந்தது என்று சொல்லும். எஸ் நிலை என்றால் புரோட்டான்களின் எண்ணிக்கை பூஜ்யக் கோணத்தில் உச்சம் தொடும். பி நிலை என்றால் உச்சம் தள்ளிப்போகும். இந்த வழியை 1950 வாக்கில் காட்டியவர் இயற்பியலாளர் ஸ்டூவர்ட் பட்லர். எனக்கு இயற்பியலில் மிகப் பிடித்த யோசனைகளில் இது ஒன்று.

சரி, ஊகம் எங்கே வருகிறது? கோணங்களை எண்ணுவதில் இல்லை. ஏழாவது நியூட்ரான், கலையாத பெரிலியம்-10ஐச் சுற்றி எஸ் நிலையில் இருப்பது எத்தனை பங்கு என்று கேட்டால், அதற்குக் கோட்பாடு வேண்டும். கருக்கள் ஒன்றையொன்று எப்படி இழுக்கின்றன என்று ஒரு மாதிரியை எடுத்துக்கொண்டுதான் கணக்கிட முடியும். முந்தைய பரிசோதனைகளில் இந்த எண் ஒத்துவரவில்லை. அதனால்தான் ஓக் ரிட்ஜில் நான்கு வெவ்வேறு கற்றை ஆற்றல்களில் அளந்தார்கள். நான்கும் ஒத்துப்போயின, 2012இல் வெளியான விடை, சுமார் 0.71, அதாவது நூற்றுக்கு 71 பங்கு. உங்கள் சந்தேகத்துக்கு நியாயமான இடம் இந்த எண்தான், நியூட்ரான் எஸ் நிலையில் இருக்கிறது என்பது அல்ல.

லித்தியம்-11க்கு வருகிறேன். கனடாவின் டிரையம்ஃப் ஆய்வகத்தில் நடந்த பரிசோதனை 2008இல் வெளியானது. உணர்கருவியில் நிரப்பிய வாயுவே அதில் இலக்கு. அதிலிருந்த புரோட்டான் இரண்டு நியூட்ரான்களையும் வாங்கிக்கொண்டு டிரைட்டானாக வெளியேறியது. மிஞ்சிய உள்கருவான லித்தியம்-9 சில தடவை ஆற்றல் கூடிய, கிளர்ந்த நிலையில் இருந்தது. அசையாத உள்கரு, அதைச் சுற்றி இரண்டு நியூட்ரான்கள் என்று நான் கட்டுரையில் வரைந்த படம் அதற்குப் போதாமல் போகலாம். அடுத்த பதிப்பில் அந்தப் பத்தியைத் திருத்துகிறேன்.