பயணப் பெட்டி: உகண்டாவில் ஒரு யூத ஊர்

கேள்வி: கனடாவில் இருக்கும் மகள் தன் யூதத் தோழிகளோடு சித்திரையில் உகண்டா போகிறாள், என்னையும் கூப்பிடுகிறாள். முகவர் தந்த தாளில் ‘சனி காலை யூதக் கிராமம், இரண்டு மணி நேரம், படம் எடுக்கலாம், பிறகு சிப்பி நீர்வீழ்ச்சி’ என்று இருக்கிறது. ஆபிரிக்காவில் எப்படி யூதர்? ஆட்களைப் போய்ப் பார்ப்பது சரியா? நான் சைவம்.
– ஓய்வுபெற்ற ஆசிரியை, உப்புவெளி

பதில்: போங்கோ அக்கா. ஆனால் அந்தத் தாளோடு போகாதீர்கள். அதை எழுதியவருக்கு யூதரின் சனிக்கிழமை என்னவென்றே தெரியவில்லை. வெள்ளி பொழுதுபட்டதிலிருந்து சனி இரவாகும்வரை ஓய்வுநாள். படம் எடுப்பதில்லை, காசு தொடுவதில்லை, பேனா பிடிப்பதில்லை. அந்த நேரத்தில் கமராவோடு வான் வண்டியில் போய் இறங்குவது, கோணேசர் கோயில் பூசை நேரத்தில் செருப்போடு நுழைந்த மாதிரி.

வெள்ளி பின்னேரத்துக்கு முன்பே போய்ச் சேருமாறு மாற்றச் சொல்லுங்கள். பூமத்திய ரேகைக்குப் பக்கம் என்பதால் ஆண்டு முழுக்க ஆறரைக்கும் ஏழுக்கும் இடையில் சூரியன் மறைந்துவிடும். என்டெபேயில் இறங்கி, கம்பாலா நெரிசலைத் தாண்டி, ஜின்ஜாவில் நைல் நதியைக் கடந்து, அந்த ஊருக்குப் பக்கத்து நகரமான எம்பாலே போக முழுப் பகலும் வேண்டும். (காந்தியின் சாம்பலில் கொஞ்சம் ஜின்ஜாவில்தான் கரைத்தார்கள். இறங்கிப் பாருங்கள்.) தங்குமிடக் காசை இருட்டுமுன் கொடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஞாயிறு.

எம்பாலேக்கு வெளியே நபுகோயே குன்றில் இருக்கிறது அவர்களின் தொழுகைக்கூடம். வெள்ளி இரவு நான் கடைசி வாங்கில் இருந்தேன். சங்கீதங்களை எபிரேயத்திலும் உகண்டா மொழியான லுகாண்டாவிலும் மாறி மாறிப் பாடினார்கள். கிற்றாரும் இருந்தது. எங்கள் குழுவில் இருந்த வெளிநாட்டு யூதர்களுக்கு வரிகள் தெரியும், மெட்டு தெரியாது. எனக்கு இரண்டுமே தெரியாது, கூச்சமில்லாமல் இருந்தேன். அந்த மாலைக்காகவே அவ்வளவு தூரம் போகலாம் என்பேன்.

எப்படி யூதர்? செமெய் ககுங்குலு என்ற படைத்தலைவர் ஆங்கிலேயருக்காகக் கிழக்கு உகண்டாவைப் பிடித்துக் கொடுத்தார். அரசனாக்குவார்கள் என்று நம்பியிருந்தார், அவர்கள் ஆக்கவில்லை. மனம் கசந்து ஒதுங்கி வேதாகமத்தைப் படித்தவர், 1919இல் தானும் விருத்தசேதனம் செய்து மக்களுக்கும் செய்வித்து, பழைய ஏற்பாட்டின் வழியே போனார். அவரோடு போனவர்களின் வழிவந்தவர்கள்தான் அபயுதாயா. ககுங்குலு 1928இல் இறந்தார். இடி அமீன் காலத்தில் அவர்கள் வழிபாட்டுக்குத் தடை. பலர் மதம் மாறினார்கள், மீதிப் பேர் ஒளித்து ஜெபித்தார்கள். 1979இல் அமீன் ஓடியபோது சில நூறு பேர்தான் மிச்சம். இப்போது ஆயிரக்கணக்கில். அவர்களின் ரபி (யூத மதகுரு) கெர்ஷோம் சிசோமு அமெரிக்காவில் படித்து 2008இல் ரபியாகி, 2016இல் நாடாளுமன்றத்துக்கும் தெரிவானார்.

‘உண்மையான யூதரா’ என்று அங்கே போய்க் கேட்காதீர்கள். 2002இல் வெளிநாட்டு ரபிகள் வந்து நூற்றுக்கணக்கானோரை முறைப்படி யூத மதத்தில் சேர்த்தார்கள். அப்படியும் அந்தக் கேள்வி அவர்களை விடுவதாயில்லை. மூதூர்ப் பக்கம் கரையோர வேடர் குடியிருப்பில் ஒரு வான் ஆட்கள் இறங்கி, தமிழ் பேசி மீன்பிடிக்கும் மனிதரிடம் “வில்லு அம்பு எங்கே?” என்று கேட்டதை நான் பார்த்திருக்கிறேன். அந்த மனிதர் பதில் சொல்லாமல் வலையைப் பார்க்கப் போய்விட்டார்.

சாப்பாடு பிரச்சினையில்லை: அவித்த மத்தோக்கே வாழைக்காய், பீன்ஸ், சோளக் களி, சப்பாத்தி. இறைச்சியையும் பாலையும் அவர்கள் சேர்ப்பதில்லை; கோழி வைத்த மேசையில் பால் தேத்தண்ணி கேட்டு அந்தப் பெண்களைச் சங்கடப்படுத்தாதீர்கள், பிளேன்ரீ கேளுங்கள். பிள்ளைகளுக்கு டொபி எறிவதும் வேண்டாம். ஞாயிறன்று அவர்கள் பின்னும் கிப்பாத் தொப்பியும் கோப்பியும் வாங்குங்கள். 2004இல் யூதர், முஸ்லிம்கள், கிறிஸ்தவர்கள் சேர்ந்து தொடங்கிய கோப்பிக் கூட்டுறவு அங்கே இருக்கிறது. கடைக்காரக் கணக்கில் பேரம் பேசாதீர்கள்.

சித்திரை என்பதைத்தான் யோசியுங்கள். அங்கே அப்போது நல்ல மழை, செம்மண் பாதையில் வான் புதையும். மகளுக்கு விடுமுறை கிடைத்தால் மார்கழி, தை நல்லது. திருகோணமலையில் அப்போது மழைதானே, இழப்பில்லை.

கேள்வி: உகண்டாவுக்கு என்ன ஊசி?
– வாசகர், கிண்ணியா

பதில்: மஞ்சள் காய்ச்சல் ஊசி கட்டாயம். பயணத்துக்குப் பத்து நாளாவது முன்னதாகக் கொழும்பில் போட்டு, மஞ்சள் அட்டையை வாங்கிக்கொள்ளுங்கள். ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் செல்லும். திரும்பும்போது கட்டுநாயக்காவிலும் கேட்பார்கள், பெரிய பெட்டியில் போட்டுவிடாதீர்கள். மலேரியா மாத்திரையை வைத்தியரிடம் கேளுங்கள். இலங்கையில் மலேரியா ஒழிந்துவிட்டதென்று 2016இல் சான்று கிடைத்ததிலிருந்து நாங்கள் அதை மறந்துவிட்டோம். அங்கே நுளம்பு மறக்கவில்லை.