இணையத்தில் சட்டம் தேடுவது எளிதாக என்ன செய்ய வேண்டும்?

கேள்வி இதுதான்: சட்டங்களும் தீர்ப்புகளும் இணையத்தில் கொட்டிக் கிடக்கின்றன, ஆனாலும் வேண்டியது கைக்கு வருவதில்லை. மாற வேண்டியது தேடும் முறையா, வெளியிடும் முறையா?

முதலில் வெளியிடும் முறை. தேடுகிறவர்கள் பக்கமும் கோளாறு இருக்கிறது, அதற்கு அப்புறம் வருகிறேன்.

வழக்கறிஞர் ஒருவரிடம் ஜூனியராகச் சேர்ந்த புதிதில், ஒரு மனுவுக்காகச் சட்டப்பிரிவு ஒன்றை இணையத்திலிருந்து எடுத்துக் கொடுத்தேன். தேடியதும் முதலில் வந்த பக்கம், பார்க்கவும் சுத்தமாக இருந்தது. சீனியர் படித்துவிட்டு, "இது எந்தத் தேதி வரைக்கும் திருத்தின வாசகம்பா?" என்றார். எனக்குத் தெரியவில்லை. அந்தப் பக்கத்துக்கும் தெரியவில்லை! தோண்டிப் பார்த்தால், நாங்கள் நம்பியிருந்த காலக்கெடுவையே பின்னால் வந்த ஒரு திருத்தம் குறைத்திருந்தது. அந்தப் பக்கத்தில் ஓர் எழுத்துப்பிழைகூட இல்லை, பழைய சட்டத்தை அப்பழுக்கில்லாமல் போட்டிருந்தார்கள். பிழைகள் மலிந்த பக்கமாக இருந்திருந்தால் நானே சந்தேகப்பட்டிருப்பேன்.

சட்ட வாசகம் எதுவானாலும் அதற்கு ஒரு காலம் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் நடந்த சம்பவத்துக்குப் பெரும்பாலும் அன்றைய சட்டம்தான் வேண்டும், இன்றையது அல்ல. ஆகவே ஒரு பிரிவைத் திறந்தால் அது எந்த நாளிலிருந்து இப்படி இருக்கிறது, அதற்கு முன் எப்படி இருந்தது, எந்தத் திருத்தம் மாற்றியது என்பதெல்லாம் அங்கேயே தெரிய வேண்டும். நடக்காத காரியம் ஒன்றுமில்லை. பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகம் 2010 முதல் நடத்தும் சட்டத் தளத்தில் பல சட்டங்களைப் பழைய தேதிக்குப் பின்னோக்கிப் போய்ப் பார்க்கலாம். வந்துவிட்ட திருத்தம் இன்னும் வாசகத்தில் சேர்க்கப்படவில்லை என்றால் பக்கத்திலேயே எச்சரிக்கை இருக்கும். "இந்தப் பக்கம் இன்னும் முழுதாகப் புதுப்பிக்கப்படவில்லை" என்று ஒரு தளம் தானே ஒப்புக்கொள்வதைப் பார்த்தபோது எனக்கு மரியாதை வந்துவிட்டது.

தீர்ப்புகளின் கதை வேறு. மேல்முறையீட்டில் ரத்தான தீர்ப்பும் இன்றுவரை நிற்கும் தீர்ப்பும் தேடல் முடிவில் அண்ணன் தம்பி மாதிரி அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கும். அமெரிக்காவில் 1873இல் ஃபிராங்க் ஷெப்பர்ட் என்பவர் இதற்கு ஒரு வழி கண்டார். எந்தத் தீர்ப்பைப் பின்னால் வந்த எது பின்பற்றியது, எது ஒதுக்கியது என்று கோந்து தடவிய துண்டுத்தாள்களில் அச்சிட்டு விற்றார். வழக்கறிஞர்கள் தங்கள் தீர்ப்புத் தொகுதிகளில் அதை ஒட்டிக்கொண்டார்கள். அந்தத் துண்டுத்தாளின் வேலையைச் செய்யும் வசதி இன்றும் பெரும்பாலும் கட்டணத் தளங்களில்தான் முழுமையாக இருக்கிறது. இலவசத் தளங்களில் தீர்ப்பு கிடைக்கும், அது உயிரோடு இருக்கிறதா என்பது பெரும்பாலும் கிடைக்காது. குறைந்தபட்சம் மேல்முறையீட்டுத் தீர்ப்புக்கு ஓர் இணைப்பையாவது போட்டால் பாதித் தலைவலி தீரும்.

ஸ்கேன் செய்த பிடிஎஃப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. உள்ளே இருக்கும் எழுத்தைத் தேட முடியாத கோப்பு, பூட்டிய பீரோவுக்குச் சமம்.

அடையாள எண் விஷயத்தை மட்டும் விடமாட்டேன். தீர்ப்புக்கான மேற்கோள் எண்ணை முன்பெல்லாம் பதிப்பகங்களின் தொகுதி, பக்க எண்ணை வைத்தே சொன்னோம். அந்தத் தொகுதி கையில் இல்லாதவருக்கு அது வெறும் எண். இங்கிலாந்தின் மேல் நீதிமன்றங்கள் 2001இல் தாமே எண் கொடுக்கவும் பத்திகளுக்கு வரிசை எண் இடவும் தொடங்கின. ஐரோப்பிய ஒன்றியத்திலும் நாடு, நீதிமன்றம், ஆண்டு, வரிசை எண் என்று அடுக்கும் ஒரு பொது அடையாளத்தை ஏற்கும்படி 2010இல் உறுப்பு நாடுகள் கேட்டுக்கொள்ளப்பட்டன. யார் வெளியிட்டாலும் ஒரே எண், ஒரே பத்தி. இதன் அருமை 2023இல் நியூயார்க்கில் நடந்த மாட்டா எதிர் அவியான்கா வழக்கைப் படித்தபோது இன்னும் உறைத்தது. சாட்ஜிபிடி கற்பனை செய்த தீர்ப்புகளை அப்படியே தாக்கல் செய்ததால் வழக்கறிஞர்கள் 5,000 டாலர் அபராதம் கட்ட நேர்ந்தது. நீதிமன்றமே கொடுத்த எண்ணும், அதைத் தட்டினால் தீர்ப்பைத் திறக்கும் பொதுத் தளமும் இருந்தால், சரிபார்க்க ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடத்துக்கும் சோம்பல்பட்டால் என்ன செய்வது, அது வேறு விஷயம்.

சரி, தேடுகிறவர்கள் பக்கம். 1985இல் வெளியான ஓர் ஆய்வில் பிளேர், மாரன் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு பெரிய வழக்கின் சுமார் 40,000 ஆவணங்களை வைத்துக் கணினித் தேடலைச் சோதித்தார்கள். வேண்டியதில் முக்கால்வாசி கிடைத்துவிட்டது என்று வழக்கறிஞர்கள் நம்பினார்கள். உண்மையில் கிடைத்தது ஐந்தில் ஒரு பங்கு. காரணம் சுவையானது: ஒரு தரப்பு "விபத்து" என்று எழுதியதை மறுதரப்பு "நிகழ்வு" என்றும் "நிலைமை" என்றும் எழுதியிருந்தது. "விபத்து" என்று தேடினால் அதெல்லாம் எப்படி வரும்? இன்றும் நான் தேட உட்காரும் முன், எதிர்த்தரப்பு இதை என்ன சொல்லால் அழைக்கும் என்று யோசித்து ஒரு தாளில் எழுதிக்கொள்கிறேன். பிறகு பொருத்தமான ஒரு தீர்ப்பு சிக்கியதும் சொல்லை விட்டுவிட்டு, அது மேற்கோள் காட்டியவை, அதை மேற்கோள் காட்டியவை என்று இரண்டு பக்கமும் நூல் பிடித்துப் போவேன்.

எல்லாவற்றையும் திறந்துவிட வேண்டும் என்று சொல்கிறேனா? இல்லை. குடும்ப வழக்கில் சிக்கிய ஒருவரின் பெயரை வேலைக்கு எடுப்பவர் கூகுளில் தட்டியதும் தீர்ப்பு வந்து நிற்பது யாருக்கும் நல்லதில்லை. கனடாவின் கன்லி தளத்தில் தீர்ப்புகளை யாரும் இலவசமாகப் படிக்கலாம். ஆனால் வெளித் தேடுபொறிகள் அவற்றை அள்ளிக்கொண்டு போக அந்தத் தளம் விடுவதில்லை. வந்து தேடுகிறவருக்குக் கதவு திறந்திருக்கிறது, வம்பு தேடுகிறவருக்குக் கொஞ்சம் சிரமம். எனக்கு இது நியாயமாகப் படுகிறது.

கடைசியாக, தளம் நடத்துபவர்களிடம் ஒரு சின்ன வேண்டுகோள். பிழை சொல்ல ஒரு பொத்தான் வையுங்கள். ஒரு தீர்ப்பில் இரண்டு பக்கங்கள் இடம் மாறி ஏறியிருந்தன. அதைச் சொல்லலாம் என்று அந்தத் தளத்தின் தொடர்புப் பக்கத்தைத் திறந்தேன். அதுவும் ஒரு ஸ்கேன் செய்த பிடிஎஃப்.