அப்பாவுக்கு சிஓபிடி (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்), நடந்தாலே மூச்சு வாங்குகிறது, உடற்பயிற்சி செய்யலாமா?

செய்யலாம், செய்யத்தான் வேண்டும். மூச்சு வாங்குமே என்று பயந்து உட்கார்ந்தே இருந்தால் தொடைத் தசை இளைத்துவிடும்; அப்புறம் சின்ன வேலைக்கே அதிக மூச்சு தேவைப்படும். பயிற்சி நுரையீரலைப் பழையபடி ஆக்காது (ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி அளவு பெரிதாக மாறாது), கால் தசையைத்தான் தேற்றுகிறது. மாடிப்படி ஏறும்போது அந்த வித்தியாசம் தெரியும்.

முதலில் டாக்டரிடம் காட்டி 6 நிமிட நடைச் சோதனை (அந்த நேரத்தில் எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது என்று பார்ப்பது). பிறகு வாரம் 2, 3 நாள், 6 முதல் 12 வாரம் வரை நடை, சைக்கிள், கைக்கு லேசான எடை. ஓரளவு மூச்சு வாங்கினால் சரிதான், பேச்சு வர வேண்டும். நாற்காலியிலிருந்து எழும்போது பலர் மூச்சை அடக்கிக்கொள்கிறார்கள். உதட்டைக் குவித்து மெதுவாக ஊதியபடி எழச் சொல்லுங்கள். நெஞ்சு வலியோ தலைசுற்றலோ வந்தால் உடனே நிறுத்திவிட வேண்டும். 12 வாரம் முடிந்ததும் விட்டுவிட்டால் கிடைத்த பலனும் மெல்லக் குறைந்துவிடும்.