பழைய ராக் குழுவில் புதுக் கீபோர்டு கலைஞர்

கேள்வி: பல்லாண்டு அனுபவமுள்ள ராக் குழுவோடு கீபோர்டு வாசிக்கச் சுற்றுப்பயணம் போகிறேன். ஒத்திகைக்கு எப்படித் தயாராவது?

பதில்: முதலில் சுருதி. வயதோடு பாடகரின் குரல் பெரும்பாலும் இறங்கியிருக்கும். பழைய ஆல்பத்தைவிட அரைச்சுரமோ முழுச்சுரமோ கீழே பாடுவார். அதனால் சமீபத்திய மேடைப் பதிவை வைத்துப் பழகுங்கள். சுருதியை மாற்றித் தரும் டிரான்ஸ்போஸ் பொத்தானை நம்ப வேண்டாம். அடுத்த பாட்டுக்கு மாற்ற மறந்தால் எல்லாம் அபசுரம்தான்.

ஹேமண்ட் என்ற மின் ஆர்கனின் ஒலிக்கு, ஒன்பது டிராபாரில் (ஒலியின் தன்மையை மாற்ற இழுக்கும் பட்டைகள்) முதல் மூன்றை 8 என்ற முழு அளவு வரை இழுத்துத் தொடங்குங்கள். லெஸ்லி எனும் சுழலும் ஒலிபெருக்கி விளைவு சரணத்தில் மெதுவாகச் சுழலட்டும். பல்லவிக்கு ஏறும்போது வேகம் கூட்டுங்கள். அந்த ஏற்றத்தில்தான் உயிர் இருக்கிறது! இடதுகை வாசிப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பேஸ் கிட்டாரோடு மோதிக் குழம்பும்.

ஒலியை நீட்டும் சஸ்டெயின் பெடலை மிதித்தபடி கீபோர்டின் சுவிட்சைப் போட்டால், பல கீபோர்டுகளில் பெடல் தலைகீழாகிவிடும்: காலை எடுத்தால் ஒலி நீளும். அப்படி ஆனால், காலை எடுத்துவிட்டு, கீபோர்டை அணைத்து மறுபடி போடுங்கள்.