‘நன்றாகத்தானே பேசுகிறாய்!’

கேள்வி: பெங்களூரில் மென்பொருள் நிறுவனமொன்றில் பணிபுரிகிறேன். எனக்கு ஆட்டிசம் இருப்பதாக மருத்துவர் சென்ற ஆண்டு உறுதிசெய்தார். ‘எல்லோரிடமும் நன்றாகத்தானே பேசுகிறாய்’ என்று அம்மாவும் கணவரும் நம்ப மறுக்கிறார்கள். ஆனால், வீடு திரும்பியதும் விளக்கைக்கூடப் போடாமல் படுத்துவிடுகிறேன். ‘மனதுக்கு எப்படி இருக்கிறது?’ என்று மருத்துவர் கேட்டால் பதில் வருவதில்லை. எனக்கு உணர்ச்சியே இல்லையா?

– ஒரு வாசகி, பெங்களூரு

பதில்: உணர்ச்சி இருக்கிறது, அது இன்னதென்று இனங்காண்பதில்தான் உங்களுக்குச் சிரமம் என்று தோன்றுகிறது. மனநல மருத்துவர் பீட்டர் சிஃப்னியோஸ் 1970-களின் தொடக்கத்தில் ‘அலெக்ஸிதைமியா’ என்று பெயரிட்டது இந்த நிலைக்குத்தான். ஆட்டிசம் உள்ளவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு இது இருப்பதாகவும், மற்றவர்களில் சுமார் 5 சதவீதத்தினருக்கே இருப்பதாகவும், பல ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்த 2019-ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று கூறுகிறது.

வீட்டார் பார்ப்பது உங்கள் உழைப்பின் விளைவை மட்டுமே. எதிரிலிருப்பவரின் கண்ணை எத்தனை நொடி பார்ப்பது, எந்த இடத்தில் சிரிப்பது, கேன்டீனில் யாரிடம் என்ன கேட்பது என்று ஒவ்வொன்றையும் ஒத்திகை பார்த்துச் செய்வதையே ‘மாஸ்கிங்’ என்கிறார்கள். அதையும் பெங்களூரில் அலுவலகத்துக்கு ஆங்கிலம், ஆட்டோக்காரரிடம் கன்னடம், வீட்டில் தமிழ் என்று மூன்று மொழிகளில் செய்ய வேண்டியிருந்தால், மாலையில் எழுந்திருக்க முடியாமல் போவதில் வியப்பில்லை. (‘பார்த்தால் தெரியவே இல்லையே’ என்பதைப் பாராட்டாகச் சொல்பவர்களும் உண்டு!) பிறர் முகத்தைக் கவனிப்பதிலேயே பகல் முழுவதும் செலவாகும்போது, தன் உடல் தரும் அறிகுறிகள் கண்ணில் படாமலே போகின்றன.

ஆகவே ‘என்ன உணர்கிறேன்?’ என்று கேட்டுக்கொள்வதை விட்டுவிட்டு, தாடை இறுகியிருக்கிறதா, கடைசியாக எப்போது சாப்பிட்டேன், எந்தச் சத்தம் தாங்கவில்லை, நேற்று எத்தனை மணிக்குத் தூங்கினேன் என்று கைபேசியில் குறித்துவைத்து, அந்தக் குறிப்பை அப்படியே மருத்துவரிடம் காட்டுங்கள். வீட்டாரிடம் ஆட்டிசத்தை விளக்கி வாதாடுவதைவிட, ‘வந்ததும் அரை மணி நேரம் என்னிடம் எதுவும் கேட்க வேண்டாம்’ என்று ஒன்றை மட்டும் கேட்டுப் பெறுவது எளிது. அலுவலகத்தில் சொல்வதா, வேண்டாமா என்பது உங்கள் விருப்பம். சொல்ல முடிவெடுத்தால் ஒன்றை நினைவில் வையுங்கள்: 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் இடம்பெற்றுள்ளது.

ஒன்றில் மட்டும் தாமதம் கூடாது. மாஸ்கிங் மிகுந்தவர்களிடம் தற்கொலை எண்ணமும் கூடுதலாக இருப்பதை 2018-இல் வெளியான பிரிட்டன் ஆய்வு ஒன்று சுட்டியது. துக்கமாக உணர்ந்தால்தான் மனச்சோர்வு என்றில்லை. தூக்கமும் பசியும் வாரக்கணக்கில் மாறியிருந்தாலோ, வாழ வேண்டாம் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலோ, அதற்குப் பெயர் தேடிக்கொண்டிராமல் உடனே உங்கள் மருத்துவரையோ, இரவு பகலாக இயங்கும் அரசின் இலவசத் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையான ‘டெலி-மானஸ்’ எண் 14416-ஐயோ அழையுங்கள். அங்கே தமிழிலேயே பேசலாம்.