பம்பரைக் கழற்றிப் பார்க்காமல் விலை பேசாதீர்கள்

பார்க்கிங்கில் இடிபட்ட ஸ்போர்ட்ஸ் கார்கள்: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்டில் நின்றிருந்த என் போர்ஷே 718 பாக்ஸ்டரின் முன் பம்பர் இடது மூலையில், ரிவர்ஸ் எடுத்த எஸ்யூவி ஒன்று மோதிவிட்டது. வெளியே தெரிவது ஒரு சாண் நீளக் கீறல் மட்டுமே. 'கம்பவுண்ட் போட்டுத் தேய்த்தால் போய்விடும்' என்கிறார் டீடெய்லிங் கடைக்காரர். அப்படியே விட்டுவிடலாமா? (சென்னை வாசகர்)

பதில்: கீறலைப் பற்றி அவர் சொல்வது சரியாக இருக்கலாம். நகத்தைக் குறுக்கே ஓட்டிப் பாருங்கள். நகம் எங்கும் மாட்டவில்லை என்றால் அடி கிளியர் கோட்டோடு (நிறத்துக்கு மேல் அடிக்கும் நிறமற்ற பூச்சு) நின்றிருக்கிறது, அல்லது அந்த எஸ்யூவியின் பெயிண்ட் உங்கள் காரில் ஒட்டியிருக்கிறது. இரண்டுமே பாலிஷில் போகும். நகம் மாட்டினால் பெயிண்ட் வேலைதான். கிளியர் கோட்டின் மொத்தக் கனமே 40 முதல் 60 மைக்ரான்தான். ஆழமான கீறலைத் தேய்த்தே எடுக்கப் பார்த்தால் அந்த இடத்தில் கிளியர் மெலிந்து, நம்மூர் வெயிலில் சில வருடங்களில் வெளுத்து உரியும்.

ஆனால் உங்கள் காரில் கவலைப்பட வேண்டியது கீறலைப் பற்றி அல்ல. 718-இல் என்ஜின் நடுவில் இருக்கிறது. ரேடியேட்டர்களோ முன் பம்பரின் இரண்டு மூலைகளிலும், காற்றுத் துளைகளுக்கு நேர் பின்னால் இருக்கின்றன. அவற்றுக்கு முன்னால் ஏசி வாயுவைக் குளிர்விக்கும் கண்டென்சர்கள். பம்பர் தோல் பிளாஸ்டிக் என்பதால் அடி வாங்கி உள்ளே போய், மறுபடி பழைய வடிவத்துக்கே திரும்பி நின்றுவிடும். உள்ளே வளைந்த கண்டென்சர் திரும்பாது. லேசாக நசுங்கிய குழாய் அன்றைக்கே ஒழுகாமல், அதிர்ந்து அதிர்ந்து ஒரு மாதம் கழித்து ஒழுகத் தொடங்கும். அதற்குள் பார்க்கிங் சம்பவத்தோடு அதை முடிச்சுப் போட உங்களிடம் எந்த ஆதாரமும் இருக்காது.

எனவே முதலில் (இன்சூரன்ஸ் கிளெய்ம் போடுவதென்றால் சர்வேயர் பார்த்த பிறகு) பம்பரைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். பழகிய கைக்கு இது அரை நாள் வேலைகூட இல்லை. கழற்றியதும் இவற்றைக் கண்ணால் பாருங்கள்: ஹெட்லைட்டைப் பிடிக்கும் காதுகள், ஃபெண்டர் ஓரத்தில் பம்பரைக் கவ்வும் பிராக்கெட், காற்றைத் திருப்பிவிடும் டக்ட், கண்டென்சர் ஃபின்கள், பம்பர் பீமின் இரு முனைகளிலும் உள்ள நொறுங்கு பெட்டிகள், பார்க்கிங் சென்சார் வயர்கள். நொறுங்கு பெட்டியில் ஒரு மடிப்பு விழுந்திருந்தாலும் மாற்றித்தான் ஆக வேண்டும். முதல் மோதலில் மடங்குவதற்காகவே செய்த பாகம் அது; தட்டி நிமிர்த்தினால் அடுத்த மோதலில் மடங்க வேண்டிய விதத்தில் மடங்காது.

கழற்றும் முன்பே ஒரு அளவும் எடுத்துக்கொள்ளுங்கள். ஹெட்லைட்டுக்கும் பம்பருக்கும், பம்பருக்கும் ஃபெண்டருக்கும் உள்ள இடைவெளியை இடது, வலது இரண்டு பக்கமும் இடைவெளி அளக்கும் கேப் கேஜ் வைத்து அளந்து எழுதுங்கள். இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்தால் நல்ல செய்தி. ஒரு பக்கம் 3 மில்லிமீட்டர், மறுபக்கம் 5 என்று வந்தால் உள்ளே ஏதோ நகர்ந்திருக்கிறது. சக்கரத்திலும் அடி பட்டிருந்தால் வீல் அலைன்மென்ட் பார்ப்பதோடு, டயரின் பக்கச்சுவரில் உள்பக்கமும் வெளிப்பக்கமும் கையால் தடவிப் பாருங்கள். பக்கச்சுவர் குட்டையான லோ புரொஃபைல் டயரில் சிறு புடைப்பு தெரிந்தாலும் உள்ளே இழை அறுந்திருக்கிறது, டயரை மாற்றுங்கள்.

கேள்வி: என் 2017 ஃபோர்டு மஸ்டாங் ஜிடியின் முன் ஃபெண்டரில், வணிக வளாக பார்க்கிங்கில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சொட்டை விழுந்துவிட்டது. பக்கத்து டிங்கரிங் கடையில் ஒரே நாளில் முடித்துத் தருவதாகச் சொல்கிறார்கள். கொடுக்கலாமா? (கோவை வாசகர்)

பதில்: கடைக்குப் போகும் முன் ஃபெண்டரில் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டாது. இந்தத் தலைமுறை மஸ்டாங்கின் பானெட்டும் முன் ஃபெண்டர்களும் அலுமினியம். கதவும் பின்பக்கமும் இரும்புத் தகடு. இரும்பில் பல வருடம் பழகிய நல்ல டிங்கர்கூட அலுமினியத்தில் சறுக்குவதற்குக் காரணங்கள் உண்டு. இரும்புத் தகடு ஓரளவு தானாகவே பழைய நிலைக்குத் திரும்பப் பார்க்கும். அலுமினியம் போன இடத்திலேயே நிற்கும். தட்டத் தட்ட இறுகி, ஒரு கட்டத்தில் விரிசல் விடும். சூடாக்கினாலும் இரும்பைப் போல நிறம் மாறிக் காட்டாது, அதனால் சூடு அளவு மீறியது தெரிவதற்குள் தகடு கெட்டுவிடும். இரும்புக்கு வாஷர் ஒட்டி இழுக்கும் வெல்டிங் மெஷின் இதற்கு உதவாது.

இன்னொரு ஆபத்து கண்ணுக்குத் தெரியாது. இரும்பைத் தேய்த்த அதே டிஸ்க்கை அலுமினியத்தில் வைத்தால், இரும்புத் துகள் அதில் பதிந்து அரிப்பைத் தொடங்கிவைக்கும். பெயிண்ட் அடித்து ஆறு மாதம் அழகாக இருக்கும். பிறகு ஓரங்களில் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பும். கடைக்காரரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: 'அலுமினியத்துக்குத் தனிச் சுத்தியலும் தனி டிஸ்க்கும் வைத்திருக்கிறீர்களா?' பதில் வரத் தாமதமானால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.

சொட்டை வழுவழுப்பாக, பெயிண்ட் வெடிக்காமல், ஃபெண்டரின் மடிப்புக் கோட்டைத் தொடாமல் இருந்தால் பெயிண்ட் இல்லாமலே எடுக்கும் பிடிஆர் முறைக்குக் கொடுங்கள். பின்னாலிருந்து கம்பியால் தள்ளியும், முன்னாலிருந்து பசைத் தக்கை ஒட்டி இழுத்தும் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்வார்கள். அலுமினியம் என்றால் இரும்பைவிட நேரமும் கூலியும் கூடுதல். அந்தக் கூலியைத் தயங்காமல் கொடுங்கள். கம்பெனி பெயிண்டைக் காப்பாற்றுவதற்கு வேறு வழி இல்லை. மடிப்பில் கூர்மையாக விழுந்த சொட்டை என்றால் ஃபெண்டரை மாற்றுவதே நல்லது. போல்ட்டில் நிற்கும் பாகம்தான், வெட்டி ஒட்ட வேண்டியதில்லை. பழைய போல்ட்டுகளையோ அதே பூச்சுள்ள புதியவற்றையோ மட்டுமே போடச் சொல்லுங்கள். சாதா இரும்பு போல்ட் அலுமினியத்தைத் தொடும் இடத்தில் ஈரம் பட்டால் அரிப்பு வரும்.

பாகத்தை ஆர்டர் செய்யும்போது படத்தைப் பார்த்து வாங்காதீர்கள். 2018 மாடலில் முன் பம்பர், பானெட், ஹெட்லைட் எல்லாம் மாறிவிட்டன. சேசிஸ் எண்ணைக் கொடுத்து பார்ட் நம்பரை எழுதி வாங்குங்கள். இறக்குமதிப் பாகம் வர வாரக்கணக்கில் ஆகும். அதுவரை வண்டியைப் பிரித்துப் போட விடாதீர்கள்.

கேள்வி: சிறிய சேதத்துக்கு இன்சூரன்ஸ் கிளெய்ம் போடுவது லாபமா? (மதுரை வாசகர்)

பதில்: கணக்குப் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். ஒரு உதாரணம்: பம்பரும் உள்ளே இருக்கும் ஃபோமும் சேர்த்து 1,40,000 ரூபாய், பெயிண்டிங் 60,000, ஆக 2,00,000. ஜீரோ டெப் (பாகத்தின் தேய்மானத்தைக் கழிக்காத கூடுதல் பாதுகாப்பு) இல்லாத பாலிசியில் பிளாஸ்டிக் பாகங்களுக்குப் பாதி கழியும்: 70,000. பெயிண்டிங் பில்லில் 25 சதவீதத்தைப் பொருள் விலையாகக் கொண்டு அதில் பாதியைக் கழிப்பார்கள்: 7,500. 1500 சிசிக்கு மேற்பட்ட காருக்குக் கட்டாயக் கழிவு 2,000. உங்கள் கைக்கு வருவது 1,20,500.

இனி இழப்பைப் பாருங்கள். 50 சதவீத நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் போடாததற்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) வைத்திருப்பவர் ஒரு கிளெய்ம் போட்டால் அது பூஜ்யத்துக்கு வரும். பிறகு 20, 25, 35, 45 என்று ஏறித்தான் மறுபடி 50-ஐத் தொடும். இடையில் ஒவ்வொரு வருடமும் இழக்கும் 50, 30, 25, 15, 5 சதவீதங்களைக் கூட்டினால் 125. அதாவது, போனஸ் கழிப்பதற்கு முந்தைய ஓன் டேமேஜ் (உங்கள் காரின் சேதத்துக்கான) பிரீமியம் 1,00,000 என்றால் ஐந்து வருடத்தில் போவது சுமார் 1,25,000. ஐடிவி (பாலிசியில் காருக்குப் போட்ட மதிப்பு) குறையக் குறைய இது சற்றுக் குறையும். ஆக, ஜீரோ டெப் இல்லாதவருக்கு வரவும் செலவும் ஏறக்குறைய சரிக்குச் சரி. இருப்பவருக்கு 1,98,000 கிடைக்கும், தாராளமாகப் போடலாம். பாலிசியில் போனஸ் பாதுகாப்பு ஆட்-ஆன் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

போடுவதென்று முடிவெடுத்தால் வரிசை முக்கியம். இடத்தைவிட்டு வண்டியை நகர்த்தும் முன் போட்டோ, சிசிடிவி பதிவு அழியும் முன் அதன் நகல், இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தகவல், அவர்கள் அனுப்பும் சர்வேயரின் பார்வை, அதற்குப் பிறகே கழற்றுவது. கழற்றியதும் புதிதாகத் தெரியும் சேதத்தைச் சர்வேயரிடம் மறுபடி காட்டி, எஸ்டிமேட்டில் சேர்த்த பிறகுதான் பழுது. நிறைய கிளெய்ம்கள் அடிபடுவது இந்த இரண்டாவது பார்வையை விட்டுவிடுவதால்தான்.

கேள்வி: சிங்கப்பூரில் கார்ப்பேட்டையில் என் மாஸ்டா எம்எக்ஸ்-5-ஐ இடித்தவர் 500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) தருகிறேன், ரிப்போர்ட் வேண்டாம் என்கிறார். (சிங்கப்பூர் வாசகர்)

பதில்: ரிப்போர்ட் கொடுத்துவிடுங்கள். அங்கே எந்த விபத்தையும் 24 மணி நேரத்துக்குள், அல்லது அடுத்த வேலை நாளுக்குள், உங்கள் காப்புறுதி நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும், சேதம் தெரியாவிட்டாலும்கூட. தவறினால் போனஸ் தள்ளுபடி பாதிக்கப்படலாம். அவர் நாளைக்கு மனம் மாறி உங்கள்மேல் கிளெய்ம் போட்டால், முதலில் சொன்னவர் அவராகிவிடுவார். தனியாகத் தீர்த்துக்கொள்வதென்றாலும் பம்பரைக் கழற்றி எஸ்டிமேட் எடுத்த பிறகு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இப்போதைய தலைமுறை எம்எக்ஸ்-5-இல் முன் ஃபெண்டரும் பானெட்டும் அலுமினியம். எல்இடி ஹெட்லைட்டின் ஒரு காது உடைந்திருந்தாலே 500 வெள்ளி போதாது.

கேள்வி: பின் பம்பர் விரிசலைப் பிளாஸ்டிக் வெல்டிங் செய்து பட்டி போட்டு பெயிண்ட் அடித்தார்கள். அதிலிருந்து பிளைண்ட் ஸ்பாட் (கண்ணாடியில் தெரியாத பக்கம்) எச்சரிக்கை வேலை செய்யவில்லை. நிறமும் சற்று வேறாகத் தெரிகிறது. (திருச்சி வாசகர்)

பதில்: அந்த எச்சரிக்கையைத் தரும் ரேடார் பின் பம்பரின் மூலையில், பிளாஸ்டிக்குக்கு உள்ளே இருக்கிறது, பம்பரை ஊடுருவித்தான் அது பார்க்கிறது. அதற்கு எதிரே வெல்டிங், பட்டி, கனத்த பெயிண்ட் எதுவும் இருக்கக் கூடாது. அந்த இடத்து விரிசலுக்குப் புது பம்பர்தான் தீர்வு. கூடவே ரேடார் பிராக்கெட் வளைந்திருக்கிறதா என்று பார்த்து, கேலிபிரேஷனும் (ரேடாரைச் சரியாக அமைப்பது) ஸ்கேனும் செய்து ரிப்போர்ட் வாங்குங்கள். ரேடார் இல்லாத இடத்தில் வெல்டிங் தாராளமாகச் செய்யலாம். பம்பரின் உள்பக்கம் பிபி (PP, பாலிபுரொப்பிலீன் பிளாஸ்டிக்) என்று அச்சிட்டிருந்தால் அதே பிபி கம்பியால்தான் ஒட்ட வேண்டும்.

புது பம்பரை பெயிண்ட் அடிக்கும் முன் அச்சிலிருந்து ஒட்டிவந்த மெழுகைக் கழுவி, பிளாஸ்டிக் பிரைமர் அடிக்காவிட்டால் முதல் பிரஷர் வாஷிலேயே பெயிண்ட் தோலாக உரியும். நிறத்துக்கு, கார் கதவோரத்தில் உள்ள நிறக் குறியீட்டோடு நிற்காமல் டெஸ்ட் கார்டில் அடித்து, காரின்மேல் வைத்து, வெயிலில் பார்க்கச் சொல்லுங்கள். பேர்ல் நிறம் என்றால் நடுவில் அடிக்கும் பேர்ல் பூச்சின் எண்ணிக்கையை இரண்டு, மூன்று, நான்கு என மாற்றித் தனித்தனி கார்டு அடித்து, பொருந்துவதைத் தேர்ந்தெடுத்த பிறகுதான் பம்பரில் கைவைக்க வேண்டும்.