கத்தியா, கல்லா?

வணக்கம்.

சமையலறைக் கருவிகள் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து படிக்கிறேன். ஒரு முடிவுக்கு வர முடியாமல்தான் இந்தக் கடிதம். மகன் ஒசாகாவில் வேலை பார்க்கிறான். அடுத்த மாதம் ஊருக்கு வரும்போது பக்கத்து ஊரான சகாயிலிருந்து நல்ல சமையல் கத்தி ஒன்று வாங்கி வருவதாகச் சொல்கிறான். படமும் அனுப்பினான். அலையலையாகக் கோடு ஓடும் ‘சான்டோக்கு’ என்ற ஜப்பானியச் சமையல் கத்தி, நம் பணத்தில் ஒன்பதாயிரம் ரூபாய். எங்கள் வீட்டில் இருப்பது நூற்றைம்பது ரூபாய்க் கத்தி ஒன்றும், மாமியார் காலத்து அரிவாள்மனை ஒன்றும். நான்கு பேருக்குச் சமையல். வெங்காயம், தக்காளி, கத்தரிக்காய் தினமும் உண்டு. சேனை, பூசணி, வாழைக்காய் அவ்வப்போது. தேங்காய் இல்லாத நாளில்லை. ஞாயிற்றுக்கிழமை மீன். கிரானைட் மேடையிலேயே வைத்து நறுக்கிப் பழகிவிட்டோம். காலையில் உதவிக்கு வரும் அக்காவும் அதே கத்தியைத்தான் எடுப்பார். விலை அறுபது மடங்கு என்றால் அறுபது மடங்கு நன்றாக வெட்டுமா, அல்லது சுவரில் மாட்டி அழகு பார்க்கும் பொருளா?

ர., திருச்சி

அன்புள்ள ர. அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தில் விலையைவிட என் கண்ணில் முதலில் பட்டது கிரானைட் மேடைதான். கல்லின் மேல் நறுக்கும் வீட்டுக்கு எந்தக் கத்தி வந்தாலும் ஒரு வாரத்தில் அதன் கதை முடிந்துவிடும். கத்தி இருக்கும், கூர் இருக்காது. கிரானைட்டில் இருக்கும் குவார்ட்ஸ் கத்தி எஃகைவிடக் கடினமானது. வெங்காயத்தை அறுத்து முடித்து வாய் கல்லில் படும் ஒவ்வொரு தடவையும் அங்கே கொஞ்சம் மடிகிறது அல்லது உதிர்கிறது. கண்ணாடிப் பலகை, எவர்சில்வர் பலகை, பீங்கான் தட்டு எல்லாம் இதே கணக்குதான். ஆகவே, கத்தி வாங்கினாலும் வாங்காவிட்டாலும், முதலில் ஒரு மரப்பலகை வாங்குங்கள். நீளம் 40 செ.மீ., அகலம் 28 செ.மீ., கனம் 2.5 செ.மீ. இருந்தால் நான்கு பேர் சமையலுக்குப் போதும். வேம்பு, மா, தேக்கு எதுவானாலும் சரி. மூங்கில் பலகை கொஞ்சம் கடினம், ஆனாலும் கல்லுக்குத் தேவலை. அடியில் ஈரத்துணி ஒன்றை விரித்துக்கொண்டால் நழுவாது.

மாமியார் காலத்து அரிவாள்மனை இன்னமும் வெட்டுகிறது என்றால் அதற்கும் காரணம் இதுதான். அரிவாள்மனையின் வாய் எந்தப் பரப்பிலும் மோதுவதில்லை. காய்தான் அதை நோக்கி வருகிறது, அறுபட்டு இரண்டு பக்கமும் விழுகிறது. கத்தியின் கூரைக் கெடுப்பது காய்கறி இல்லை, காய்க்கு அடியில் இருக்கும் பரப்பு. அதனால்தான் ஊர்க் கொல்லர் அடித்த சாதாரண இரும்பு, எப்போதாவது ஒரு முறை சாணை பிடித்தாலும், இத்தனை வருடம் உழைக்கிறது.

இனி அந்த ஒன்பதாயிரத்துக்கு வருவோம். அந்தப் பணம் இரண்டு பொருளை வாங்குகிறது: எஃகின் கடினம், வாய்ப்பகுதியின் மெல்லிசு. மற்றதெல்லாம் அலங்காரம்.

கத்தி எஃகின் கடினத்தை ராக்வெல் அளவில் சொல்வார்கள், எண் கூடக் கூடக் கடினம். நூற்றைம்பது ரூபாய்க் கத்தி பெரும்பாலும் 52, 54 என்ற வட்டத்தில் நிற்கும். ஜெர்மனியின் ஸோலிங்கன் ஊரில் செய்யும் வுஸ்ட்ஹோஃப், ஸ்விலிங் போன்றவை 56 முதல் 58. சுவிட்சர்லாந்தின் விக்டோரினாக்ஸ் 55, 56. ஜப்பானியக் கத்திகளில் அதிகம் புழங்கும் விஜி-10 என்ற துருப்பிடிக்காத எஃகு 60, 61. பார்க்கச் சின்ன வித்தியாசம்தான், பலகையில் அது பெரிதாகத் தெரியும். மென்மையான எஃகில் கூர் உதிர்வதற்கு முன் ஒரு பக்கமாக மடியும். கடினமான எஃகு மடியாது. ஆகவே அதை இன்னும் கூர்மையான கோணத்தில் தீட்டலாம், தீட்டிய கூர் அதிக நாள் நிற்கும். அதற்குக் கொடுக்கும் விலை என்னவென்றால், மடிய வேண்டிய இடத்தில் அது பல்லுப் பல்லாக உடையும்.

மெல்லிசு என்று சொன்னதைப் பலரும் கூரோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள். தடித்த கேரட் ஒன்றைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். பாதியிலேயே ‘டக்’கென்று பிளந்து துண்டு தெறித்தால், அது கூர் இல்லாத குறையில்லை. வாய்க்கு மேலே அலகு தடித்திருக்கிறது, ஆப்பு அடித்த மாதிரி காயைப் பிளக்கிறது. அந்தக் கத்தியை எவ்வளவு தீட்டினாலும் கேரட் பிளந்துகொண்டேதான் இருக்கும். மெல்லிய கத்தி சத்தமில்லாமல் இறங்கும். வெங்காயத்தில் கண் எரிவது குறைவதும் இதனால்தான். வாய் கூராகவும் அலகு மெல்லிசாகவும் இருந்தால் வெங்காயத்தின் செல்கள் நசுங்காமல் அறுபடுகின்றன, காற்றில் கலக்கும் காரம் குறைகிறது. விலை குறைந்த கத்திகளிலும் மெல்லிய அலகு கிடைக்கும். கடையில் கத்தியை நுனிப்பக்கமிருந்தும் பிடிப்பக்கமிருந்தும் கண் மட்டத்துக்கு உயர்த்திப் பாருங்கள், முதுகிலிருந்து வாய் வரை படிப்படியாக மெலிந்து வருகிறதா என்று.

அலையலையான கோடு வெட்டுவதற்கு எந்த உதவியும் செய்யாது. உள்ளே ஒரே ஒரு கடின எஃகுத் தகடு. அதற்கு இரு பக்கமும் மென்மையான எஃகை அடுக்கடுக்காகப் பற்றவைத்து, அமிலத்தில் நனைத்துக் கோட்டை வெளிக்கொண்டுவருகிறார்கள். 33 அடுக்கு, 67 அடுக்கு என்று விளம்பரத்தில் வருவது இதுதான். காயைத் தொடுவது நடுத்தகட்டின் ஓரம் மட்டுமே. மலிவுக் கத்திகளில் கோட்டை லேசரால் வரைந்தே விடுகிறார்கள். இதற்கு ‘டமாஸ்கஸ்’ என்று பெயர் வைத்திருப்பதில் நமக்குக் கொஞ்சம் சிரிக்க இடமுண்டு. பழைய டமாஸ்கஸ் வாள்களுக்குப் போன எஃகு தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மூசையில், அதாவது மண்ணால் செய்த உருக்குக் கலத்தில், உருக்கியது. ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலில் அப்படி உருக்கியதற்கான தடயங்கள் அகழாய்வில் கிடைத்திருக்கின்றன. அந்த எஃகின் கோடு உள்ளிருந்தே உருவானது. இன்றைய கத்தியின் கோடு வேறு, பெயர் மட்டும்தான் ஒன்று. அதே எஃகு கோடில்லாமல் கிடைத்தால் அதையே வாங்குங்கள், விலையும் குறையும்.

‘அடித்துச் செய்தது’ என்பதற்கும் பெரிய மதிப்புக் கொடுக்க வேண்டாம். தகட்டிலிருந்து வெட்டியெடுத்த விக்டோரினாக்ஸ் கத்தியை உலகம் முழுக்க உணவகச் சமையலறைகளில் காணலாம். ஜெர்மன் பாணியில் பிடிக்கு அருகே வாய் வரை இறங்கும் தடித்த இரும்புக் கட்டை இருந்தால் அது தொல்லையும்கூட. தீட்டத் தீட்ட வாய் தேயும், அந்தக் கட்டை தேயாது. சில வருடங்களில் கத்தியின் குதிகாலுக்கு, அதாவது பிடியை ஒட்டிய வாய் முனைக்கு, பக்கத்தில் பலகையைத் தொடாத ஒரு பள்ளம் விழும். கொத்தமல்லி அங்கே அறுபடாமல் நாராகத் தொங்கும்.

சரி, உங்கள் வீட்டில் அந்த சான்டோக்கு என்ன பாடுபடும்? வெங்காயம், தக்காளி, கத்தரி, பீன்ஸ், முட்டைக்கோஸ், வெண்டைக்காய், முருங்கைக்காய் எல்லாவற்றுக்கும் அதைவிட இதமான கத்தி கிடையாது. சேனையையும் வெட்டலாம், ஆனால் பாதியில் சிக்கிக்கொண்டால் திருகக் கூடாது. நேராக வெளியே இழுக்க வேண்டும். பூசணியின் தோலிலும் இதே எச்சரிக்கை. கடின எஃகு உடைவதில் பாதி இந்தத் திருகலில்தான்.

தேங்காய்க்குப் பக்கத்தில் அதைக் கொண்டுபோகவே கூடாது. முதுகால் தட்டி உடைப்பதும் கூடாது, நுனியை விட்டு ஓட்டிலிருந்து நெம்பி எடுப்பதும் கூடாது. நுனி அரை சென்டிமீட்டர் காணாமல் போகும். ஊறுகாய்க்குக் கொட்டையோடு நறுக்கும் மாங்காய், மீன் தலை, நடு முள், கோழி எலும்பு, ஃப்ரீசரிலிருந்து எடுத்த எதுவும் பழைய கத்திக்கோ அரிவாள்மனைக்கோதான். பூண்டை அலகால் தட்டி நசுக்கும் வழக்கத்தையும் விட வேண்டும். நறுக்கியதைப் பலகையிலிருந்து வாய்ப்பக்கத்தால் வழித்துத் தள்ளாமல் கத்தியைத் திருப்பி முதுகால் தள்ள வேண்டும். இத்தனை கட்டளையையும் காலை அவசரத்தில் உதவிக்கு வரும் அக்காவிடம் எதிர்பார்ப்பது நியாயமில்லை. அவர் கைக்குப் பழைய கத்தியே இருக்கட்டும். இரண்டையும் ஒரே இழுப்பறையில் போடாதீர்கள். கரண்டிகளோடு உரசுவதே கூரைத் தின்றுவிடும்.

இப்போது நான் உண்மையில் சொல்ல வந்ததற்கு வருகிறேன். ஒன்பதாயிரம் ரூபாய்க் கத்தியும் மழுங்கும். மற்றதற்கு வாரங்கள் என்றால் இதற்கு மாதங்கள், அவ்வளவே. மழுங்கிய நாளில் அதைத் தீட்ட வீட்டில் ஆளில்லை என்றால், அன்று முதல் அதுவும் நூற்றைம்பது ரூபாய்க் கத்திதான். தெருவில் சைக்கிளில் வரும் சாணைக்காரரிடம் கொடுத்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். அரிவாள்மனைக்கு அவர் சரியான ஆள். ஆனால் தண்ணீரில்லாமல் சுழலும் சக்கரத்தில் மெல்லிய வாய் நொடியில் சூடேறும், பொறி பறக்கும் இடத்தில் நீலம் பாயும். நீலம் பாய்ந்த இடத்தில் பதம் போய்விட்டது, அங்கே 61 என்ற கடினம் இல்லை. இழுத்தால் தீட்டும் பிளாஸ்டிக் பெட்டியும் வேண்டாம். அது எஃகைச் சுரண்டிப் பிய்க்கிறது, கடின எஃகில் பல் விழ வைக்கிறது. கத்தியோடு விற்கும் உருண்டை இரும்புக் கம்பி மடிந்த வாயை நிமிர்த்தத்தான். மென்மையான கத்திக்கு வாரம் ஒரு முறை நல்லது, 60க்கு மேல் போன கத்திக்குக் கெடுதல்.

தண்ணீர்க் கல்லில் தீட்டுவதற்கு நாலைந்து ஞாயிற்றுக்கிழமைப் பழக்கம் போதும். ஒரு பக்கம் 1000, மறுபக்கம் 6000 என்று (எண் கூடக் கூடக் கல் நைசு) இரட்டைக் கல்லாகக் கிடைக்கும், ‘கிங்’ என்ற ஜப்பானியக் கல் பலரும் தொடங்கும் இடம். 1000 பக்கத்தைப் பத்துப் பதினைந்து நிமிடம், குமிழி வருவது நிற்கும்வரை தண்ணீரில் ஊறவிடுங்கள். 6000 பக்கம் மேலே தெளித்தாலே போதும். கல்லுக்கு அடியில் ஈரத்துணி. கத்தியைப் படுக்க வைத்து முதுகை மட்டும் கொஞ்சம் தூக்குங்கள். 45 மி.மீ. அகல அலகுக்கு 15 டிகிரி என்றால் முதுகு கல்லிலிருந்து ஏறக்குறைய 12 மி.மீ. உயரத்தில் இருக்கும், சுண்டுவிரல் நுனி அளவு. கோணம் சரியா என்று பார்க்க மார்க்கர் பேனாவால் வாயோரம் மை பூசிக்கொள்ளுங்கள். இரண்டு தேய்ப்பு தேய்த்துப் பார்த்தால் மை வாயின் கடைசி ஓரம்வரை போயிருக்க வேண்டும். மேலே மட்டும் போயிருந்தால் முதுகை உயர்த்துங்கள், ஓரத்தில் மட்டும் போயிருந்தால் தாழ்த்துங்கள்.

ஒரே பக்கத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தால் மறுபக்கத்தில் நுண்ணிய பிசிறு எழும். விரலை முதுகிலிருந்து வாய்க்கு வெளிப்புறமாக மெல்ல வழித்தால் சொரசொரப்புத் தட்டும். குதிகாலிலிருந்து நுனிவரை பிசிறு வந்த பிறகுதான் பக்கம் மாற்ற வேண்டும். புதிதாகத் தீட்டுபவர்கள் தோற்பது இங்கேதான். பிசிறு வருமுன் அவசரப்பட்டுத் திருப்பிவிடுகிறார்கள், வாய் சேர்வதே இல்லை, ‘கல் சரியில்லை’ என்று சொல்லிவிடுகிறார்கள். இரு பக்கமும் ஆனதும் 6000 பக்கத்தில் மிக லேசான கையோடு பத்துப் பத்துத் தடவை, பிறகு பழைய ஜீன்ஸ் துணியில் பின்னோக்கி நாலைந்து இழுப்பு. பழுத்த தக்காளியின் தோலில் அழுத்தாமல் வைத்து இழுத்துப் பாருங்கள், பிடித்துக்கொண்டு இறங்கினால் முடிந்தது. கல் நடுவில் பள்ளமாகும்போது கண்ணாடித் தகட்டின் மேல் 220 உப்புத்தாளை விரித்து, ஈரம் வைத்துக் கல்லைத் தேய்த்தால் சமமாகும்.

ஆகவே என் யோசனை: மகனிடம் இந்தத் தடவை கத்தி வேண்டாம், கல் வாங்கி வா என்று சொல்லுங்கள். கத்தியின் விலையில் பாதிகூட ஆகாது. இங்கே சில ஆயிரத்துக்கு ஒரு 20 செ.மீ. விக்டோரினாக்ஸும், சில நூறுக்கு அதே நிறுவனத்தின் சின்னக் கத்தியும் வாங்கிக்கொள்ளுங்கள். பன்னிரண்டு கத்தி அடங்கிய மரப்பெட்டியைத் திரும்பியும் பார்க்காதீர்கள். பழகும்போது கை தவறினாலும் இந்தக் கத்திகள் மன்னிக்கும். ஆறு மாதம் நீங்களே தீட்டி, இன்னும் கூர் நிற்கலாமே என்று ஏங்கும்போது ஜப்பானியக் கத்தி வாங்குங்கள். அப்போது அது அதன் விலைக்குத் தகும்.

மகன் கேட்காமல் வாங்கியே தீருவான் என்றால் (மகன்கள் அப்படித்தான்) கடையில் அவன் சில விஷயங்களைப் பார்த்துக்கொள்ளட்டும். சகாய் பேர் பெற்றது ஒரு பக்கம் மட்டும் சரிவு வைத்த கத்திகளுக்கு. மீனை மெல்லிசாகச் சீவும் யானகிபா, மீன் அறுக்கும் தேபா அந்த வகை. அவை காய்கறியில் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும், பெரும்பாலும் வலக்கைக்காரர்களுக்கென்றே செய்தவை. இரு பக்கமும் சரிவு உள்ள 165 மி.மீ. நகிரி என்ற காய்கறிக் கத்தி அல்லது 170 மி.மீ. சான்டோக்கு கேட்கட்டும். வெள்ளைத்தாள் எஃகு, நீலத்தாள் எஃகு என்று காட்டினால் வேண்டாம் என்று சொல்லட்டும். தீட்ட அருமையானவை, ஆனால் துருப்பிடிக்கும் இரும்பு. வாழைக்காயும் புளியும் எலுமிச்சையும் அடிக்கடி படும் வீட்டில், ஒவ்வொரு காய்க்கும் நடுவே துடைக்கவில்லை என்றால் கறுக்கும், ஈரத்தோடு விட்டால் ஒரே ராத்திரியில் துரு ஏறும். திரும்பும் விமானத்தில் கத்தியைக் கைப்பையில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையில் எடுத்துவிடுவார்கள். அலகை அட்டையில் சுற்றிப் பெரிய பெட்டியில் போடச் சொல்லுங்கள். கல்லும் அந்தப் பெட்டியிலேயே வரட்டும்.